தை மாதம் சைக்கிளில் எந்தப் பக்கம்: காலிங்கராயன் கரையா, கீழ்பவானிக் கரையா, பொள்ளாச்சியா?

பொங்கலுக்குத் தம்பி குடும்பத்தோடு ஊருக்கு வருகிறான். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் இருக்கிறார்கள். மகனுக்கு 11 வயது, மகளுக்கு 8. போன மாதம் போனில் பேசியபோது துணிமணி, பலகாரம் என்று எதுவும் கேட்கவில்லை. "அக்கா, இங்க நாங்க சைக்கிள்ல போறோமல்ல, அந்த மாதிரி அங்க ஒரு பாதை பாத்து வையி. பசங்க அப்பாரோட ஊரை சைக்கிள்லயே பாக்கோணுங்கறாங்க" என்றான்.

அவன் எந்தப் பாதையைச் சொல்கிறான் என்று எனக்குத் தெரியும். நான்கு வருடம் முன்பு அவன் வீட்டில் மூன்று வாரம் இருந்தபோது என்னையும் அதில் கூட்டிப் போனான். லிட்டில் மயாமி பாதை என்று பெயர். ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து சின்சினாட்டி பக்கம் வரை சுமார் 125 கி.மீ. நீளம். ஒரு காலத்தில் லிட்டில் மயாமி ரயில்வேயின் தண்டவாளம் கிடந்த இடம். ரயில் நின்று போன பிறகு தண்டவாளத்தை எடுத்துவிட்டு, அதே மேட்டின் மேல் தார் போட்டு, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஸீனியா என்ற சிற்றூரில் தொடங்கி எல்லோ ஸ்பிரிங்ஸ் வரை போனோம். 16 கி.மீ. இருக்கும். கல்லூரிக் காலத்துக்குப் பிறகு நான் சைக்கிளைத் தொட்டது அன்றுதான். இரண்டு பக்கமும் மக்காச்சோளமும் சோயாவும். பின்னால் ஹாரன் அடிக்க யாரும் இல்லை. பத்து நிமிடத்தில் தோள் இறுக்கம் விட்டுப் போனது இன்னும் நினைவிருக்கிறது. ஊர் வந்ததும் பழைய ஸ்டேஷன் மாதிரியே கட்டிய ஒரு கட்டடம், குடிதண்ணீர், கழிப்பறை, காற்றடிக்கும் பம்ப். எழுபது வயதைத் தாண்டிய ஒரு கணவனும் மனைவியும் பெஞ்சில் உட்கார்ந்து ஆப்பிள் நறுக்கித் தின்றுகொண்டிருந்தார்கள்.

அந்தப் பாதை ஏன் அவ்வளவு சுகமாக இருக்கிறது என்பதற்குக் காரணம் நீராவி என்ஜின். இழுக்கிற வண்டியின் பாரத்தோடு அதனால் செங்குத்தாக ஏற முடியாது. நூறு அடிக்கு ஒரு அடி ஏறினாலே அதற்குக் கணிசமான ஏற்றம். அதனால் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, ஏறுவதே தெரியாத மாதிரி பாதை போட்டார்கள். என்ஜினுக்குப் பார்த்துச் செய்த அந்தச் சமம் இன்று 8 வயதுப் பிள்ளையின் முழங்காலுக்கு உதவுகிறது. ஸ்டேஷன்கள் சில மைலுக்கு ஒன்றாக இருந்ததால் ஊர்களும் அதே கணக்கில் வருகின்றன. விஸ்கான்சினில் 1967-ல் எல்ராய் முதல் ஸ்பார்ட்டா வரை இப்படி ஒரு பாதை திறந்தார்கள். 1983-ல் வந்த ஒரு சட்டம், ரயில் ஓடாத தடத்தைத் துண்டு துண்டாக விற்றுவிடாமல் பாதையாக வைத்துக்கொள்ள வழி செய்தது. இன்று அந்த நாட்டில் இப்படி 40,000 கி.மீ.க்கு மேல் இருக்கிறது.

சரி, நம் கொங்கு நாட்டில் அப்படி ஒன்று உண்டா என்றால், இல்லை. நம்மிடம் ரயில் தடம் ஓய்வதே இல்லை என்பதுதான் காரணம். போத்தனூர் – பொள்ளாச்சி மீட்டர் கேஜ் ரயில் பாதை 1915-ல் வந்தது. அதைப் பிரித்தபோது கைவிடுவதற்காகப் பிரிக்கவில்லை, அகலப் பாதை போடுவதற்காகப் பிரித்தார்கள். 2017-ல் அதே தடத்தில் மீண்டும் ரயில் ஓட ஆரம்பித்தது. ஊருக்கு அது நல்லது, சைக்கிளுக்கு இடம் இல்லை. தண்டவாளத்தை ஒட்டி ஒற்றையடிப் பாதை தெரிகிறதே, அதில் ஓட்டலாமே என்று என் தங்கை வீட்டுக்காரர் கேட்டார். ரயில்வே நிலத்தில் அனுமதி இல்லாமல் நுழைவது 1989-ஆம் வருட ரயில்வே சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியம், பிள்ளைகளைக் கூட்டிப் போகிற இடம் அது இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போகலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. பன்னிரண்டரை அடிக்கு ஒரு அடி ஏறுகிற, பல்சக்கரம் வைத்து இழுக்க வேண்டியிருக்கிற மலை அது. அதில் ரயிலில் உட்கார்ந்து போவதுதான் அழகு.

இதையெல்லாம் சாப்பிடும்போது அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கோபி பக்கம் கீழ்பவானி வாய்க்கால் பாயும் ஆயக்கட்டில் ஐம்பது வருடம் விவசாயம் பார்த்தவர். மடைக்கு எந்த நேரத்தில் தண்ணீர் வரும் என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "ஏங்கண்ணு, மேடு இல்லாத வழிதான வேணும்? தண்ணி போற வழியில போனா மேடு எங்க இருந்து வரும்?"

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு விஷயம் பிடிபட்டது. ரயிலைப் போலவே வாய்க்காலும் மேடேறாது. தண்ணீர் தானாக ஓட வேண்டும் என்பதால், கண்ணுக்கே தெரியாத சரிவில் நிலத்தின் மட்டத்தைப் பிடித்துக்கொண்டு வளைந்து போகிறது. கரை மேல் பராமரிப்புக்கு வண்டித் தடம் இருக்கும். ஊர்கள் வாய்க்காலை நம்பியே உட்கார்ந்திருக்கும். ஓஹையோவில் ரயில் செய்து கொடுத்ததை இங்கே தண்ணீர் செய்து வைத்திருக்கிறது. தார்தான் எல்லா இடத்திலும் இல்லை.

அப்புறம் கேள்வி, எந்த வாய்க்கால் என்பது. டிசம்பர் முதல் இரண்டு ஞாயிறும் நானும் அப்பாவும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். நான் சைக்கிளில், அவர் பின்னால் டிவிஎஸ் எக்ஸெல்லில்.

முதல் ஞாயிறு கீழ்பவானி. சொந்த வாய்க்கால் என்பதால் எனக்கு மனது அங்கேதான் இருந்தது. பவானிசாகர் அணை 1955-ல் முடிந்தது. அங்கிருந்து வாய்க்கால் 200 கி.மீ. போகிறது: சத்தி, கோபி, பெருந்துறை, சென்னிமலை எல்லாம் அதன் ஓரத்தில். 2,07,000 ஏக்கர் பாசனம். இத்தனை நிலத்துக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் கிடையாது. ஆகஸ்ட் நடுவில் திறந்து பாதி ஆயக்கட்டுக்கு நெல்லுக்கு விடுவார்கள், பொங்கலை ஒட்டித் திறந்து மறுபாதிக்குப் புஞ்சைப் பயிருக்கு விடுவார்கள். முறை வைத்து விடுவதால், ஒரே ஊரிலேயே ஒரு பக்கம் நெல்லும் மறுபக்கம் கடலையும் எள்ளும் பார்க்கலாம். பிள்ளைகளுக்குக் காட்ட அது ஒரு நல்ல பாடம்.

கரை அகலம். வாகனம் மிகக் குறைவு. கோபியிலிருந்து தெற்கே வரும்போது இடது பக்கம் தழைந்து கிடக்கிற வயல், வலது பக்கம் மேட்டுக்காடு, நடுவில் நிறைந்து ஓடுகிற தண்ணீர். இரண்டு மணி நேரத்தில் எதிரே வந்தது ஒரு மாட்டு வண்டியும், புல்லுக்கட்டு வைத்த இரண்டு மொபெட்டும்தான். அமைதி என்று பார்த்தால் ஓஹையோ பாதையை இது மிஞ்சிவிடும்.

ஆனால் மூன்று விஷயம் என்னைத் தடுத்தது. ஒன்று முள். பதினான்காவது கி.மீ.யில் முன் சக்கரம் உட்கார்ந்துவிட்டது. அப்பா வண்டியை நிறுத்திவிட்டு வந்து, டயரை மெதுவாகத் திருப்பி விரலால் தடவிப் பார்த்து, வெள்வேலாம் முள் ஒன்றை நகத்தால் நெம்பி எடுத்தார். ஒரு அங்குலம் இருந்தது, நுனி உடையவே இல்லை. "இது ஒண்ணுதான்னு நெனைக்காத, இன்னொண்ணு இருக்கும்" என்று மறுபடி தடவினார். இருந்தது. அருகில் பஞ்சர் கடை எதுவும் இல்லை. சைக்கிளை எக்ஸெல்லில் கட்டி ஐந்து கி.மீ. தள்ளி ரோட்டுக்கு வந்தோம். பெரியவர்களுக்கு அது ஒரு அனுபவம். 8 வயதுப் பிள்ளை வெயிலில் நிற்க வேண்டிய நிலை வந்தால் அது வேறு.

இரண்டாவது தண்ணீர். கீழ்பவானி வாய்க்கால் முழு அளவில் ஓடினால் நொடிக்கு 2,300 கன அடி. கரை சரிவு செங்குத்து, தடுப்பு கிடையாது, இழுப்பு பலமாக இருக்கும். நீச்சல் தெரிந்தவர்களே கரை ஏற முடியாமல் திணறுவார்கள். தம்பி மகன் ஓட்டுகிற வேகத்தை நான் பார்த்திருக்கிறேன், பிரேக்கை நம்புகிற பையன் இல்லை. மூன்றாவது, அணையை ஒட்டிய முதல் பகுதி. அங்கே சத்தியமங்கலம் காடு பக்கத்திலேயே இருக்கிறது. 2013 முதல் புலிகள் காப்பகம். யானை வந்து போகிற இடம். விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும் அங்கே சைக்கிள் ஓட்டுகிற யோசனையே வேண்டாம். பவானிசாகரில் தொடங்க ஆசைப்படுகிறவர்கள் வெயில் ஏறிய பிறகு தொடங்குங்கள், அல்லது சத்தி தாண்டித் தொடங்குங்கள்.

இரண்டாவது ஞாயிறு காலிங்கராயன். 13-ஆம் நூற்றாண்டில் கொங்குத் தலைவர் காலிங்கராயன் வெட்டிய வாய்க்கால். பவானி ஆறு காவிரியில் கலப்பதற்குச் சற்று முன்பு அணை கட்டி, அங்கிருந்து தண்ணீரைத் திருப்பி, ஈரோடு வழியாகக் கொடுமுடியை அடுத்து நொய்யலில் கொண்டு சேர்த்தார். 56 மைல், அதாவது 90 கி.மீ. ஆனால் காக்கை பறக்கிற தூரம் அவ்வளவு இல்லை. பாம்பு ஊர்ந்து போன தடத்தைப் பார்த்து வெட்டினார் என்று எங்கள் பக்கம் இன்றும் சொல்வார்கள். கரையில் சைக்கிள் ஓட்டும்போது அந்தக் கதையின் பொருள் காலுக்குத் தெரியும். நேராகப் போகலாமே என்று தோன்றுகிற இடத்தில் வாய்க்கால் வளைந்து, ஒரு தென்னந்தோப்பைச் சுற்றி, மறுபடி அதே திசைக்கு வருகிறது. மட்டம் பார்க்க இன்றைய கருவிகள் இல்லாத காலத்தில், ஏற்றமே இல்லாமல் இத்தனை தூரம் தண்ணீரை நடத்தியிருக்கிறார்கள். பெடலை ஒரு இடத்தில்கூட எழுந்து நின்று மிதிக்க வேண்டியிருக்கவில்லை.

முழு 90 கி.மீ.யும் பிள்ளைகளோடு ஓட்ட முடியாது, ஓட்டவும் வேண்டாம். அணைக்கட்டில் காலிங்கராயன் மணிமண்டபம் இருக்கிறது, அங்கே கொஞ்ச தூரம் ஓட்டலாம். நகரத்துக்குள் வந்ததும் நிலைமை மாறுகிறது. கரையை நெருக்கி வீடுகள், குப்பை, சாயத் தண்ணீரின் வாடை. கழிவு வாய்க்காலில் கலக்காமல் இருக்க அதை ஒட்டித் தனியாக ஒரு பேபி கால்வாய் கட்டியிருக்கிறார்கள், என்றாலும் மூக்கைப் பிடிக்காமல் போக முடியாத இடங்கள் உண்டு. 700 வருடத்துக்கும் மேலாக ஊருக்குச் சோறு போட்ட தண்ணீரை இப்படிப் பார்க்க நெஞ்சு கனத்தது. நகரத்தில் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது: காரைவாய்க்கால் பகுதியில் பெரும்பள்ளம் ஓடைக்கு மேலே வாய்க்கால் தொட்டிப் பாலத்தில் கடந்து போகும் இடம். அதைக் காரில் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

சைக்கிளுக்கு உரிய இடம் ஈரோட்டுக்குத் தெற்கே பாசூரில் தொடங்குகிறது. பாசூர், கொளாநல்லி, ஊஞ்சலூர், கொடுமுடி. வளைவுகளையும் சேர்த்தால் 20 கி.மீ.க்குக் கொஞ்சம் மேலே. சில இடத்தில் கரையிலேயே தார், சில இடத்தில் மண், சில இடத்தில் கரையை விட்டு இறங்கி ஊர் ரோட்டில் போய் மறுபடி ஏற வேண்டும். வாய்க்காலில் பெரும்பாலும் 500 கன அடி வாக்கில்தான் ஓடும், கீழ்பவானியின் இழுப்பு இதில் இல்லை. கவனம் வேண்டும், ஆனால் பயந்துகொண்டே ஓட்டத் தேவையில்லை. ஊருக்கு ஊர் டீக்கடை. வாழை, கரும்பு, மஞ்சள், நெல் என்று மாறி மாறி வருகிறது. நிழலும் உண்டு.

கொடுமுடிக்கு முன்னால் ஒரு வெல்ல ஆலைக் கொட்டகையில் நின்றோம். கரும்புச் சக்கையை எரித்துக்கொண்டிருந்தார்கள். கொப்பரையில் பாகு குமிழியிட்டுப் பொங்கி வரும்போது ஒருவர் நீளத் துடுப்பால் அடக்கினார். பதம் வந்ததும் மரத் தொட்டியில் சாய்த்து, கொஞ்சம் ஆற விட்டு, சதுரத் துணியில் அள்ளிப் போட்டு நான்கு முனையையும் சேர்த்து ஒரு முறுக்கு முறுக்கினார்கள். பிரித்தால் உருண்டை வெல்லம், துணியின் நூல் தடம் மேலே அப்படியே பதிந்திருந்தது. எனக்கு ஒரு வாழை இலைத் துண்டில் சூடான பாகு கொடுத்தார்கள். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. "சைக்கிள்ல வந்திருக்கறீங், சாப்புடுங்" என்றார் அந்த வீட்டு அம்மா. ஓஹையோவில் பெஞ்ச் இருந்தது, பம்ப் இருந்தது, யாரும் வாசலில் நின்று எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. இங்கே ஒவ்வொரு ஊரிலும் கேட்டார்கள். தம்பி பிள்ளைகளுக்கு நான் காட்ட நினைப்பது இதைத்தான்.

இன்னொரு வசதி, ஈரோடு – கரூர் ரயில் பாதை இந்த வாய்க்காலோடு கூடவே வருகிறது. பாசூர், ஊஞ்சலூர், கொடுமுடி மூன்றிலும் ஸ்டேஷன் உண்டு. பாதி வழியில் ஒருவருக்கு முடியவில்லை என்றால் பாசஞ்சரில் ஏற்றி அனுப்பிவிடலாம், நேரத்தை மட்டும் முன்னதாகப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். சைக்கிள்களை ரயிலில் ஏற்றுகிற யோசனையை நான் விட்டுவிட்டேன். ஒரு சின்ன யானை (டாடா ஏஸ் வண்டி) பேசி கொடுமுடிக்கு வரச் சொன்னால் ஐந்து சைக்கிளும் படுக்க வைத்துத் திரும்பிவிடும்.

பொள்ளாச்சிப் பக்கம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நிறைய பேர் முதலில் சொல்வது அதுதான். ஆனைமலை, ஆழியாறு பக்கத்துத் தென்னந்தோப்பு ரோடுகள் அழகுதான், நிழலில் அதற்கு ஈடு இல்லை, தார் நன்றாக இருக்கும். ஆனால் அவை ரோடுகள். விடுமுறையில் சுற்றுலா வண்டிகள் நெருக்கிக்கொண்டு வரும், பொங்கல் வாரத்தில் கேட்கவே வேண்டாம். பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டத்தின் வாய்க்கால்கள் உண்டு, அதில் மலையடிவாரத்துச் சமமட்டக் கால்வாய் காட்டை ஒட்டிப் போவது, நம் இஷ்டத்துக்குப் போகிற இடம் இல்லை. தவிர, காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கிற மேல்காற்றில் உடுமலைப் பக்கம் மேற்கே பார்த்து சைக்கிள் மிதிப்பது மலை ஏறுவது போல. அங்கே அத்தனை காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. தை மாதத்தில் அந்தச் சிரமம் இல்லை. நல்ல ரோடு வேண்டும், மண் தடம் பிடிக்காது, பெரியவர்கள் மட்டும் போகிறோம் என்பவர்கள் ஒரு சாதாரண வார நாளில் பொள்ளாச்சிக்குப் போகலாம்.

பிள்ளைகளோ வயதானவர்களோ கூட இருந்தால் நான் பாசூர் – கொடுமுடியைத்தான் சொல்வேன். இருபது, முப்பது வயதுக்காரர்கள் நான்கு பேர், பஞ்சர் ஒட்டத் தெரியும், டியூப் கையில் இருக்கிறது, இரண்டு நாள் ஒதுக்க முடியும் என்றால் தயங்காமல் கீழ்பவானிக்குப் போங்கள். சத்தியில் தொடங்கி கோபியில் ராத்தங்கி, மறுநாள் பெருந்துறைப் பக்கம் வாய்க்கால்மேட்டில் முடிக்கலாம். அந்த அகலமும் தனிமையும் காலிங்கராயனில் கிடைக்காது. நான் தனி ஆளாக இருந்தால் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன். குறுகலான டயர் வைத்த ரேஸ் சைக்கிள் மட்டும் வேண்டாம். கொஞ்சம் தடித்த டயர், காற்றை ஒரு நூல் குறைத்து வைத்தால் மண் தடத்தில் குலுக்கல் தெரியாது.

எங்கள் நாளும் குறித்தாகிவிட்டது, தை 5. அன்றைக்குக் காலிங்கராயன் தினம். காலையில் அணைக்கட்டுக்குப் போய், மணிமண்டபத்தில் மாலை போடுகிறவர்களோடு நின்று பார்த்துவிட்டு, காரில் பாசூர் வந்து, எட்டரைக்குள் சைக்கிளை எடுத்துவிட வேண்டும். மணிக்கு 8 கி.மீ. என்று வைத்தாலும், டீக்கடையும் வெல்ல ஆலையும் சேர்த்து ஒரு மணிக்குக் கொடுமுடி வந்துவிடலாம். மகுடேசுவரர் கோயில் நடை அதற்குள் சாத்திவிடுவார்கள். அதனால் மரத்தடியில் கட்டுச்சோறு, அப்புறம் காவிரிக் கரை, சாயங்காலம் நடை திறந்ததும் சாமி கும்பிட்டுவிட்டுக் கிளம்புவது என்று அம்மா திட்டம் போட்டிருக்கிறாள். அரிசியும் பருப்பும் சோறு, தயிர், வறுத்த மோர்மிளகாய்.

சைக்கிள் வாடகைக்குச் சொல்ல, பிள்ளைகளின் கால் உயரம் வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். தம்பியிடம் அளந்து அனுப்பச் சொன்னேன். ராத்திரி வந்தது, இருவருக்கும் அங்குலக் கணக்கில். அப்பா அளவு டேப்பை எடுத்து வந்து, முன் வாசல் நிலவுக்காலில் தரையிலிருந்து அளந்து, பென்சிலால் இரண்டு கோடு போட்டார். மேல் கோட்டுக்குப் பக்கத்தில் பேரன் பெயரின் முதல் எழுத்து, கீழ்க் கோட்டுக்குப் பக்கத்தில் பேத்தியுடையது. பிறகு எழுந்து, பின்னுக்குத் தள்ளி நின்று பார்த்தார். "போன தடவை வந்தப்ப இத்தனை இல்லையே" என்றார். மறுநாள் காலை அவரே எக்ஸெல்லை எடுத்துக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போய், சீட்டை எந்த உயரத்தில் வைக்க வேண்டும் என்று காட்டிவிட்டு வந்தார்.